நாகார்ஜுனர்

நாகார்ஜுனர் (ஏறத்தாழ கி.பி. 150 – 250) தென்னிந்தியாவில் வாழ்ந்த பௌத்தத் துறவியும் மெய்யியலாளரும் ஆவார். மகாயான பௌத்தத்தின் முதன்மையான சிந்தனைப் பள்ளிகளுள் ஒன்றான மாத்தியமிகத்தை நிறுவியவர் இவரே. பிற எதையும் சாராமல் தன்னளவில் நிலைத்து நிற்கும் இயல்பு எப்பொருளுக்கும் இல்லை என்னும் சூனியதைக் கொள்கையை இவர் தருக்க முறையில் விரித்துரைத்தார். இவரது தலையாய நூலான மூலமத்தியமக காரிகையின் இரண்டாம் அதிகாரம் இயக்கத்தைப் பற்றியது. இவ்வதிகாரத்தில் உள்ள வாதங்கள், இவருக்கு ஏறத்தாழ ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்த கிரேக்க மெய்யியலாளரான எலேயாவின் சீனோ கூறிய புதிர்களுடன் பெரிதும் ஒப்பிடப்படுகின்றன. இருவரின் வாதங்களும் வடிவில் ஒத்திருப்பினும், அவை சென்று சேரும் முடிவுகள் வெவ்வேறானவை.

காலமும் நாடும்

நாகார்ஜுனரின் வாழ்க்கையைப் பற்றி உறுதியாகக் கூறத்தக்க செய்திகள் மிகக் குறைவு. இவரது வாழ்க்கையைக் கூறும் மிகப் பழைய நூல், கி.பி. 5 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குமாரஜீவரால் சீன மொழியில் ஆக்கப்பட்டது. அது நாகார்ஜுனர் மறைந்து ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்குப் பின்னர் எழுந்தது. திபெத்திய வரலாறுகள் அதற்கும் பல நூற்றாண்டுகள் பிந்தியவை. இவர் தென்னாட்டு அந்தணர் குடியில் பிறந்தவர் என்பதிலும், சாதவாகன மன்னர் ஒருவருடன் நட்புக் கொண்டிருந்தார் என்பதிலும் மரபுகள் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. அம்மன்னர் யக்ஞஸ்ரீ சாதகர்ணியாக இருக்கலாம் என ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

கிருஷ்ணா ஆற்றங்கரையில் உள்ள நாகார்ஜுனகொண்டா இவரது பெயரைத் தாங்கி நிற்கிறது. 1926 இல் கண்டறியப்பட்ட இவ்விடம், கி.பி. 3 – 4 ஆம் நூற்றாண்டுகளில் விஜயபுரி என்ற பெயருடன் இக்சுவாகு அரசர்களின் தலைநகராக விளங்கியது. 1950களில் நாகார்ஜுனசாகர் அணை கட்டப்பட்டபோது பள்ளத்தாக்கு நீரில் மூழ்கும் நிலை ஏற்பட்டமையால், விரிவான அகழாய்வு நடத்தப்பட்டு முக்கியமான சின்னங்கள் மலையுச்சிக்கு மாற்றப்பட்டன. அம்மலையுச்சியே பின்னர் நீர் சூழ்ந்த தீவாகியது. எனினும், இவ்விடத்துக்கும் மெய்யியலாளர் நாகார்ஜுனருக்கும் உள்ள தொடர்பு மரபு வழிச் செய்தியே ஆகும்.

வாழ்க்கை பற்றிய மரபுச் செய்திகள்

இளமை

குமாரஜீவரின் நூல் கூறுவதன்படி, நாகார்ஜுனர் இளமையிலேயே வேதங்களையும் பல கலைகளையும் கற்றுத் தேர்ந்தார். கற்பதற்கு இனி ஒன்றுமில்லை என்று எண்ணிய அவரும் நண்பர் மூவரும் இன்பம் தேடி, பிறர் கண்ணுக்குப் புலப்படாமல் மறையும் வித்தையைக் கற்றனர். அவ்வித்தையின் துணையால் அரண்மனைக்குள் புகுந்து அங்கிருந்த மகளிருடன் கூடி மகிழ்ந்தனர். உண்மையை ஐயுற்ற மன்னன், வாயில்களில் நுண்ணிய மணலைப் பரப்பச் செய்தான். உருவம் தெரியாவிடினும் காலடித் தடங்கள் மணலில் பதிந்தன. காவலர் வாட்களை வீசியதில் நண்பர் மூவரும் மாண்டனர். மன்னனுக்கு மிக அருகில் வாள் வீசலாகாது என்பதால் அவனை ஒட்டி நின்ற நாகார்ஜுனர் மட்டும் உயிர் பிழைத்தார். ஆசையே துன்பத்தின் வேர் என்பதை அவ்விடத்தில் உணர்ந்து அவர் துறவு பூண்டதாகக் கதை முடிகிறது.

நாகர் உலகம்

துறவியான பின்னர் 90 நாட்களில் திரிபிடகத்தை முழுவதும் கற்ற நாகார்ஜுனர், வேறு நூல்களைத் தேடி இமயமலைக்குச் சென்றார். அங்கு முதிய துறவி ஒருவர் மகாயான சூத்திரங்களை அவருக்கு அளித்தார். பின்னர், நாகர் உலகின் போதிசத்துவர் ஒருவர் அவரைக் கடலடி மாளிகைக்கு அழைத்துச் சென்று, மனிதர் அறியாத ஆழ்ந்த சூத்திரங்களைக் காட்டியதாகவும் மரபு கூறுகிறது. ஓவியங்களிலும் சிற்பங்களிலும் இவரது தலைக்குப் பின்னே நாகங்கள் குடை விரித்து நிற்பதற்கு இக்கதையே காரணமாகும்.

மன்னருக்கு அறிவுரை

சுகிருல்லேகை, இரத்தினாவளி என்னும் இரு நூல்கள் மன்னர் ஒருவருக்கு எழுதப்பட்ட அறிவுரைகளாக அமைந்துள்ளன. இரத்தினாவளி ஆட்சி முறையை விரிவாகப் பேசுகிறது. வழிப்போக்கருக்குத் தங்குமிடமும் நீரும் அமைத்தல், நோயாளரையும் வறியோரையும் பேணுதல், சிறைப்பட்டோருக்கு உணவு, மருந்து, உடை, நீராட்டு ஆகியவற்றுக்கு வழி செய்தல் போன்றவை அரசன் கடமைகளாகக் கூறப்படுகின்றன. கொலை செய்தவரையும் கொல்லாமலும் வதைக்காமலும் நாடு கடத்துவதே தக்கது என்றும் அந்நூல் அறிவுறுத்துகிறது. உலகையே மறுத்தவர் என்று இவரைக் கருதுவோர் கவனிக்க வேண்டிய பகுதி இதுவாகும்.

மறைவு

இவரது மறைவு குறித்தும் வேறுபட்ட கதைகள் உள்ளன. கி.பி. 7 ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங் ஒரு கதையைக் குறித்துள்ளார். நாகார்ஜுனர் வாழும்வரை அவருடைய நண்பரான மன்னரும் இறவாதிருந்தார். அதனால் அரியணை கிட்டாத இளவரசன், துறவியிடம் சென்று அவரது தலையைக் கொடையாகக் கேட்டான். கேட்டதை மறுக்க மனமில்லாத நாகார்ஜுனர், உலர்ந்த புல்லின் தாளால் தம் கழுத்தைத் தாமே அறுத்துக் கொண்டார். குமாரஜீவரின் நூலிலோ, தம் வாழ்வு நீள்வதை விரும்பாத எதிர்க்கருத்தினர் ஒருவரின் உள்ளம் அறிந்து, அவர் அறையைத் தாழிட்டு உயிர் நீத்ததாகக் கூறப்பட்டுள்ளது.

நூல்கள்

நாகார்ஜுனரின் பெயரால் வழங்கும் நூல்கள் மிகப் பல. அவற்றுள் பெரும்பாலான ஆய்வாளர்களால் இவருடையவையாக ஏற்கப்படுவன பின்வருவனவாகும்.

1. மூலமத்தியமக காரிகை – ஏறத்தாழ 450 செய்யுட்கள், 27 அதிகாரங்கள்.
2. விக்கிரகவியாவர்த்தனி – எதிர்வாதங்களுக்கு மறுமொழி. 70 செய்யுட்களும் ஆசிரியரே எழுதிய உரையும் கொண்டது.
3. சூனியதாசப்ததி – சூனியதை பற்றிய செய்யுட்கள்.
4. யுக்திசஷ்டிகை – தருக்கம் பற்றிய 60 செய்யுட்கள்.
5. இரத்தினாவளி, சுகிருல்லேகை – மன்னருக்குக் கூறிய அறிவுரைகள்.

இவற்றுள் சில திபெத்திய, சீன மொழிபெயர்ப்புகளில் மட்டுமே முழுமையாகக் கிடைக்கின்றன. விக்கிரகவியாவர்த்தனியின் சமற்கிருத மூலத்தை ராகுல் சாங்கிருத்தியாயன் 1930களில் திபெத்தில் கண்டெடுத்தார்.

பிற்காலத்தில் நாகார்ஜுனர் என்ற பெயருடன் தாந்திரிக சித்தர் ஒருவரும் இரசவாதி ஒருவரும் வாழ்ந்துள்ளனர். 11 ஆம் நூற்றாண்டில் அல்பிரூனி, தமக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் முன் வாழ்ந்த இரசவாதி நாகார்ஜுனரைக் குறிப்பிடுகிறார். திபெத்திய மரபு இவர்கள் அனைவரையும் ஒருவராகக் கொண்டதால், நாகார்ஜுனர் 600 ஆண்டுகள் வாழ்ந்தார் என்னும் கதை உருவானது.

சூனியதைக் கொள்கை

சூனியம் என்ற சொல் தமிழில் இன்மையையும், பேச்சு வழக்கில் செய்வினையையும் குறிக்கும். நாகார்ஜுனர் கையாளும் பொருள் இவ்விரண்டும் அன்று. ஒரு பொருள் சூனியமானது என்றால், அதற்குச் சுபாவம், அதாவது பிறவற்றைச் சாராத தன்னியல்பு, இல்லை என்பதே பொருள். நூல் இல்லாமல் துணி இல்லை. மகன் பிறவாமல் ஒருவர் தந்தை ஆவதில்லை. இவ்வாறு ஒவ்வொன்றும் மற்றொன்றைச் சார்ந்தே அதுவாக இருக்கிறது. புத்தர் போதித்த சார்பில் தோற்றம் என்னும் கருத்தும் சூனியதையும் ஒன்றே என்பது நாகார்ஜுனரின் நிலைப்பாடு.

இதனை நிறுவ அவர் கையாளும் முறை பிரசங்கம் எனப்படும். இங்கு இச்சொல் சொற்பொழிவைக் குறிப்பதன்று. எதிராளியின் கருத்தை ஏற்றுக்கொண்டதாக வைத்து, அதிலிருந்து அவரே ஏற்க இயலாத முடிவு பிறப்பதைக் காட்டும் தருக்க முறையே பிரசங்கமாகும்.

இயக்கம் பற்றிய ஆய்வு

மூலமத்தியமக காரிகையின் இரண்டாம் அதிகாரம் 25 செய்யுட்களால் ஆனது. இதில் ஆராயப்படும் சொல் செல்லுதலைக் குறிக்கும் கதி என்பதாகும். இச்சொல்லுக்குப் பௌத்தத்தில் மறுபிறப்பு நிலை என்ற பொருளும் உண்டு. தமிழில் நற்கதி என்று வழங்குவதும் இச்சொல்லே. எனவே, பாதையில் நடப்பவரைப் பற்றிய கேள்வி, பிறவிகளினூடே செல்பவர் யார், விடுதலையை நோக்கிச் செல்பவர் யார் என்னும் கேள்விகளுக்கும் அடித்தளமாகிறது. அதிகாரத்தின் முக்கிய வாதங்களைப் பின்வருமாறு சுருக்கலாம்.

பாதை பற்றிய வாதம்: ஒருவர் நடக்கும் பாதையைக் கடந்த பகுதி, கடவாத பகுதி எனப் பிரிக்கலாம். கடந்த பகுதியில் நடத்தல் முடிந்துவிட்டது. கடவாத பகுதியில் நடத்தல் தொடங்கவில்லை. இவ்விரண்டையும் விட்டால், கடக்கப்படும் பகுதி என்று தனியே ஒன்று பிடிபடவில்லை.

இரட்டிப்பு வாதம்: காலடி அசைவது கண்ணுக்குத் தெரிகிறதே, அந்த இடமே கடக்கப்படும் பகுதி என்று எதிராளி கூறுகிறார். அவ்வாறாயின், அப்பகுதியைக் கடக்கப்படுவது ஆக்கும் செயல் ஒன்றும், அதில் நிகழ்வதாகக் கூறப்படும் செயல் மற்றொன்றுமாக இரு செல்லுதல்கள் வேண்டும். செயல் இரண்டானால் செய்பவரும் இருவராக வேண்டும். ஒரு நடைக்கு இருவர் என்பதை எவரும் ஏற்பதில்லை.

செல்பவர் பற்றிய வாதம்: செல்பவர் செல்கிறார் என்று கூறுகிறோம். செல்லுதல் இல்லாமல் அவர் செல்பவர் ஆக முடியாது. ஆகவே எழுவாயிலேயே செல்லுதல் அடங்கிவிட்டது. பயனிலை கூறும் செல்லுதல் எது? மழை பெய்கிறது என்னும்போது, பெய்தலுக்கு வேறாக நின்று பெய்யும் மழை ஒன்று உண்டா என்று கேட்பதைப் போன்றது இது. செல்பவரும் செல்லுதலும் ஒன்றெனில், செய்பவரும் செயலும் ஒன்றாகிவிடும். வேறெனில், செல்லுதல் இல்லாத செல்பவரும் செல்பவர் இல்லாத செல்லுதலும் இருக்க வேண்டும்.

தொடக்கம் பற்றிய வாதம்: நடத்தல் எங்குத் தொடங்குகிறது? தொடங்குவதற்கு முன் கடந்த பகுதியும் இல்லை, கடக்கப்படும் பகுதியும் இல்லை. கடவாத பகுதியிலோ நடத்தலே இல்லை.

நிற்றல் பற்றிய வாதம்: செல்பவர் நிற்பதில்லை, ஏனெனில் அவர் செல்பவர். செல்லாதவரும் நிற்பதில்லை, ஏனெனில் நிற்றல் என்பது செல்லுதல் ஓய்வதாகும். இவ்வாறு இயக்கத்தைப் போலவே ஓய்வும் தன்னளவில் நிறுவப்பட முடியாததாகிறது.

எலேயாவின் சீனோவுடன் ஒப்பீடு

சீனோவின் புதிர்கள்

சீனோ (ஏறத்தாழ கி.மு. 490 – 430) தென் இத்தாலியில் இருந்த கிரேக்கக் குடியேற்றமான எலேயாவைச் சேர்ந்தவர். உள்ளது ஒன்றே, அது மாறாதது, அசையாதது என்று கூறிய பார்மெனிடீசின் மாணவர். இயக்கம் பற்றிய அவருடைய நான்கு புதிர்களும் அரிஸ்டாட்டிலின் இயற்பியல் நூல் வழியாகவே முதன்மையாக அறியப்படுகின்றன.

1. இருகூறு: ஒரு தொலைவைக் கடக்க முதலில் அதன் பாதியைக் கடக்க வேண்டும், அதற்கு முன் பாதியின் பாதியை. இவ்வாறு முடிவில்லாத பகுதிகளைக் கடக்க வேண்டியிருப்பதால் பயணம் நிறைவேறாது.
2. அக்கிலீசும் ஆமையும்: முன்னே செல்லும் ஆமை இருந்த இடத்தை அக்கிலீஸ் அடையும்போது ஆமை சிறிது முன்னேறியிருக்கும். ஆகவே அவர் அதனை எட்ட இயலாது.
3. அம்பு: பறக்கும் அம்பு ஒவ்வொரு கணத்திலும் தன் அளவுக்கு ஒத்த இடத்திலேயே இருக்கிறது. எனவே ஒவ்வொரு கணத்திலும் அது அசையவில்லை.
4. நகரும் வரிசைகள்: எதிரெதிரே நகரும் இரு வரிசைகள், நிலையான மூன்றாம் வரிசை ஆகியவற்றைக் கொண்டு, பாதி நேரம் முழு நேரத்துக்குச் சமம் என்னும் முரணைக் காட்டுவது.

ஒற்றுமைகள்

இருவரும் எதிராளியின் நம்பிக்கையிலிருந்தே முரண்பாட்டை வருவித்தனர். நடப்பதைக் கண்ணால் காண்கிறோமே என்னும் மறுமொழி இருவருக்கும் போதுமானதாக இல்லை. இயக்கம் இல்லை என்று கூறியவர் முன் டயோஜெனீஸ் எழுந்து நடந்து காட்டியதாகக் கிரேக்க மரபில் ஒரு கதை உண்டு. காரிகையில் வரும் எதிராளியும் காலடி அசைவதையே சான்றாகக் காட்டுகிறார். ஆனால் இயக்கம் தோன்றுகிறதா என்பது இங்குக் கேள்வி அன்று. தோன்றும் அதனை நம் கருத்துகள் முரணின்றி விளக்குகின்றனவா என்பதே கேள்வி.

நாகார்ஜுனரின் பாதை வாதம் சீனோவின் அம்புக்கு மிக நெருங்கியது. முடிந்ததையும் வராததையும் நீக்கியபின் எஞ்சும் நிகழ்கணத்தில் இயக்கம் எங்கே என்று இரண்டும் வினவுகின்றன.

வேறுபாடுகள்

முதலாவது வேறுபாடு வாதங்களின் அடித்தளத்தில் உள்ளது. இருகூறும் அக்கிலீசும் முடிவில்லாத பகுப்பைச் சார்ந்தவை. ஆகவே அவற்றுக்குக் கணிதத்தில் விடை தேட முடிகிறது. ஆமை 100 மீட்டர் முன்னே இருக்க, அக்கிலீஸ் அதைவிடப் பத்து மடங்கு விரைவாக ஓடுவதாகக் கொண்டால், அவர் கடக்கும் தொலைவுகள் 100, 10, 1, 0.1 என்று முடிவின்றித் தொடரும். எனினும் அவற்றின் கூட்டுத்தொகை 111 1/9 மீட்டர் மட்டுமே. அவ்விடத்தில் அவர் ஆமையை எட்டிவிடுவார். 19 ஆம் நூற்றாண்டில் கோசி, வையர்ஸ்ட்ராஸ் ஆகியோர் எல்லை என்னும் கருத்தைத் துல்லியமாக வரையறுத்ததால் இத்தகைய தொடர்களைக் கையாளுவது தெளிவானது. நாகார்ஜுனரின் வாதங்களோ பெரும்பாலும் பகுப்பைச் சாராமல், செயல், செய்பவர், இடம் ஆகியவற்றின் உறவைச் சார்ந்தவை. முடிவிலித் தொடரின் கூட்டுத்தொகையைக் கூறுவது, செல்பவர் செல்லுதலிலிருந்து வேறானவரா என்னும் வினாவுக்கு விடையாகாது. எனினும் அவருடைய வாதங்கள் சிலவற்றை இடம், காலம் ஆகியவற்றின் பகுப்பைப் பற்றியனவாகவும் வாசிக்க இயலும். மார்க் சிடெரிட்ஸ், டெர்வின் ஓ பிரையன் ஆகியோர் இவ்வொப்பீட்டை 1976 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் விரிவாக ஆராய்ந்தனர்.

இரண்டாவது வேறுபாடு ஓய்வைப் பற்றியது. சீனோவின் அம்பு இயங்கவில்லை எனில் அது நிற்கிறது. நாகார்ஜுனரின் நடப்பவர் இயங்கவில்லை என்பதால் நிற்கிறார் என்று ஆகாது. இயக்கத்தை மறுத்து அசையாமையை நிலைநாட்டுவது அவர் நோக்கமன்று.

மூன்றாவதும் தலையாயதுமான வேறுபாடு முடிவைப் பற்றியது. பார்மெனிடீசின் மாறாத ஒருமையைக் காப்பதே சீனோவின் நோக்கம் என்று பிளேட்டோ முதலாகக் கருதப்பட்டு வருகிறது. மாறாத ஒன்று உண்மையானால் இயக்கம் இராது என்பதை நாகார்ஜுனரும் ஒத்துக்கொள்வார். ஆனால் சீனோ அதிலிருந்து இயக்கத்தைக் கைவிட்டார். நாகார்ஜுனர் மாறாத இயல்பைக் கைவிட்டார். செல்பவர், செல்லுதல், பாதை ஆகிய மூன்றும் தனித்தனியே தன்னியல்பு உடையவை என்று கொள்ளும்போதுதான் முரண் எழுகிறது. ஒன்றையொன்று சார்ந்தவை என்று கொண்டால் உலக வழக்கில் நடப்பவர் நடந்துகொண்டே இருக்கலாம்.

கணிகவாதமும் அம்பும்

சீனோவின் அம்புடன் ஒப்பிடத்தக்க மற்றொரு பௌத்தக் கருத்து கணிகவாதம் ஆகும். வசுபந்துவின் அபிதர்மகோசம் இதனை விளக்குகிறது. ஒவ்வொரு பொருளும் தோன்றிய கணத்தில், தோன்றிய இடத்திலேயே அழிகிறது. அடுத்த கணத்தில் அதனை ஒத்த வேறொன்று அருகில் தோன்றுகிறது. திரைப்படச் சுருளில் அசையாத படங்கள் வரிசையாக ஓடி அசைவைத் தோற்றுவிப்பது போல, இத்தொடரையே இயக்கம் என்கிறோம். சீனோவிடம் அசையாது நிற்பது ஒரே அம்பு; கணிகவாதத்தில் இடம் மாறுவதற்கு அந்த ஒரே அம்பு என்பதே இல்லை. நாகார்ஜுனர் இதனையும் இறுதி விடையாக ஏற்கவில்லை. தோற்றமும் அழிவும் தன்னியல்பு உடையனவா என்று தம் நூலின் ஏழாம் அதிகாரத்தில் அவற்றையும் அதே முறையில் ஆராய்கிறார்.

நாகார்ஜுனர் சீனோவின் கருத்துகளை அறிந்திருந்தார் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை.

எதிர்வாதங்களும் மறுமொழியும்

நாகார்ஜுனர் மீது சுமத்தப்பட்ட பெரிய குற்றச்சாட்டு இன்மைவாதம் ஆகும். அனைத்தும் சூனியம் எனில், துன்பம், அதன் காரணம், அதன் நீக்கம், நீக்கும் வழி ஆகிய நான்கு வாய்மைகளும் பொய்யாகும் என்று பௌத்தர்களே வாதிட்டனர். காரிகையின் 24 ஆம் அதிகாரம் இதற்கு மறுமொழி கூறுகிறது. துன்பம் தன்னியல்பாகவே உள்ளதெனில் அதை எவராலும் நீக்க முடியாது. அறியாமை ஒருவரின் மாறா இயல்பு எனில் அவர் ஒருபோதும் அறிவு பெற முடியாது. தன்னியல்பு இல்லாமையால்தான் மாற்றமும், பயிற்சியும், விடுதலையும் இயலக்கூடியவை ஆகின்றன. இரண்டாம் அதிகாரத்தில் இயக்கத்தை மறுப்பதாகத் தோன்றிய வாதம், இங்கு மாற்றத்துக்கு இடமளிக்கும் வாதமாக முழுமை பெறுகிறது.

அனைத்தும் சூனியமெனில் அவ்வாறு கூறும் கூற்றும் சூனியமே, அது எதையும் மறுக்கும் வலுவற்றது என்பது மற்றொரு எதிர்வாதம். விக்கிரகவியாவர்த்தனியில் நாகார்ஜுனர் இதனை எதிர்கொள்கிறார். தேருக்கும் குடத்துக்கும் தன்னியல்பு இல்லாவிடினும் அவை மரத்தையும் நீரையும் சுமக்கின்றன. அதுபோலவே தம் கூற்றும் தன்னியல்பு இன்றியே தன் பணியைச் செய்யும் என்பது அவர் விடை. பிற்காலத்தில் ஆதிசங்கரர் பிரம்மசூத்திர உரையில், சூனியவாதம் எல்லா அளவைகளுக்கும் முரணானது என்று கூறி அதனை விரிவாக ஆராயாமலே ஒதுக்கினார்.

தாக்கம்

நாகார்ஜுனரின் முதன்மை மாணவர் ஆரியதேவர் ஆவார். அவர் சிங்களத் தீவில் அரச குடும்பத்தில் பிறந்தவர் என்று சந்திரகீர்த்தி கூறுகிறார். புத்தபாலிதர், பாவவிவேகர், சந்திரகீர்த்தி ஆகியோர் காரிகைக்கு உரை எழுதினர். கி.பி. 409 இல் குமாரஜீவர் அதனைச் சீன மொழியில் பெயர்த்தார். சென் மரபு நாகார்ஜுனரைத் தன் பதினான்காம் இந்தியக் குருவாகப் போற்றுகிறது. திபெத்தில் சோங்கப்பா (1357 – 1419) காரிகைக்குப் பேருரை இயற்றினார்.

காரிகையின் சமற்கிருதச் செய்யுட்கள் சந்திரகீர்த்தியின் பிரசன்னபதம் என்னும் உரையினுள் காக்கப்பட்டிருந்தன. அவ்வுரையை லூயி த லா வல்லே பூசன் 1903 – 1913 காலப்பகுதியில் பதிப்பித்தார். 1955 இல் தி. ரா. வெ. மூர்த்தி, மாத்தியமிகத்தை ஜெர்மானிய மெய்யியலாளர் கான்டின் சிந்தனையுடன் ஒப்பிட்டு நூல் எழுதினார். 1957 இல் கார்ல் யாஸ்பர்ஸ், உலகின் பெரும் மெய்யியலாளர்கள் பற்றிய தம் நூலில் நாகார்ஜுனரையும் சேர்த்தார்.